ஆறாவது வார்த்தை

இந்தப் பொங்கலுக்கு என் கைபேசிக்கு நூற்றுப் பதினேழு வாழ்த்துகள் வந்தன. வேலையில்லாதவன், எண்ணினேன். என் வயதுக்காரர்களான நீங்களும் எண்ணியிருப்பீர்கள். வெளியே சொல்ல மாட்டீர்கள். அசையாத படம் எண்பத்திரண்டு. பாட்டோடு ஆடுகிற படம் முப்பத்தைந்து. ஒரே பானை, ஒரே கரும்பு, ஒரே சூரியன் பதினோரு பேரிடமிருந்து வந்தது. என் பெயர் போட்டு வந்தது ஒன்றுகூட இல்லை. எனக்குக் கண்ணில் அறுவை செய்து பச்சைத்துணி கட்டியிருந்தது ஊருக்கே தெரியும். "கண் எப்படி இருக்கு?" என்று கேட்க ஒருவருக்கும் விரல் வளையவில்லை.

அந்த முப்பத்தைந்தில் ஒன்று, சென்னையில் இருக்கும் என் அக்கா மகன் அனுப்பியது. பானை பொங்குகிறது, பொங்கிக்கொண்டே இருக்கிறது. அடுப்பும் அணையவில்லை, பாலும் தீரவில்லை. மேலே கீழே எங்கு தேடினாலும் ஒரு எழுத்து கிடையாது. மற்றவர்கள் அனுப்பினால் போகட்டும் என்று விடலாம். இவன் அனுப்பலாமா? இவன் எங்கள் வீட்டில் வந்து பிறப்பதற்கு ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை பட்ட பாடு இவனுக்குத் தெரியாது. உங்களுக்காவது அட்டை என்றால் என்னவென்று தெரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

மார்கழி பாதி தாண்டியதும் தென்காசியில் சுவாமி சன்னதி பஜார் முழுக்க அட்டைக் கடைகள் முளைக்கும். கோபுரம் அப்போது மேல்பாகம் இல்லாமல் பிளந்து நின்றது. அதன் கீழே சணல் கயிறு கட்டி, துணி உலர்த்துவது போல அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றடித்தால் மாடும் முருகனும் நடிகர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். ஜிகினாத் தூள் ஒட்டிய அட்டையைத் தொட்டால் விரலில் மினுங்கும், சோற்றிலும் மினுங்கும். கடைக்காரர், "ஏலே, தொட்டுப் பாக்காத, கண்ணால பாரு" என்று கத்துவார். தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்பா ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். மரத்தடிகளில் எண் போடுகிற ஊதாப் பென்சில் எப்போதும் அவர் காதில் இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால்தான் அது மை போல ஊறும். அதனால் மார்கழிக் கடைசியில் அப்பாவின் நாக்கு ஊதா நிறத்தில் இருக்கும். யாருக்கு எந்தப் படம் என்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலாளிக்கு ஜிகினா. சம்பந்தி வகைக்குச் சாமி. பங்காளிகளுக்கு மாடு. மேலகரத்தில் இருந்த பெரியப்பாவுக்கும் ஒரு மாடு போகும். அந்தப் பெரியப்பா தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பவர். அவருக்கு எதற்குத் தபாலில் என்று அம்மா கேட்டால், "கையில குடுத்தா அது வாழ்த்தா? காகிதம்" என்பார் அப்பா.

இன்னொரு முறையும் உண்டு. கதைக்கு வேண்டியது அதுதான். உறையை ஒட்டாமல், மூடியை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போட்டால் குறைந்த தபால்தலை போதும். ஆனால் உள்ளே கையால் எழுதுவது ஐந்து வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. போனால் அது வாழ்த்து இல்லை, கடிதம். அப்புறம் வாங்குகிறவர் தபால்காரரிடம் அபராதம் கட்டித்தான் வாங்க வேண்டும். அப்பா இந்தச் சட்டத்தைத் தாமே இயற்றியவர் போலக் காப்பாற்றினார். எல்லா அட்டையிலும் ஒரே வரி:

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்.

எண்ணிப் பாருங்கள், ஐந்து. கையெழுத்து கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. எழுதியதும் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டு எண்ணுவார். பிறகு என்னை எண்ணச் சொல்வார். எனக்கு எண்ணுகிற வியாதி வந்தது அங்கேதான்.

இனி ஒரு பானையின் கதைக்கு வருகிறேன். அக்காவை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு அப்பா இல்லை. அம்மா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அந்தச் சம்பந்தியம்மாள் நல்ல உயரம். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பேசுவாள். தலைப்பொங்கலுக்குப் பெண் வீட்டார் பொங்கல்படி கொண்டுபோக வேண்டும் அல்லவா? அரிசி, வெல்லம், காய்கறி, கரும்பு, மஞ்சள்குலை, பித்தளைப் பானை. எல்லாம் அப்பாவே வாங்கினார். பானை வாங்கும்போது அம்மா, "இன்னுங் கொஞ்சம் பெருசாப் பாருங்க" என்றாள். "அந்த வீட்ல இருக்குதது மூணு பேரு. மூணு பேருக்கு இது போதும்" என்றார் அப்பா. அவர் வீட்டில் சாப்பிடுகிறவர்களை எண்ணினார். சம்பந்தியம்மாள் பானையைப் பார்க்க வருகிறவர்களை எண்ணியிருந்தாள்.

தெருவே கூடிநிற்க, அவள் பானையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "பொங்கப் பானையா இது? பால் காச்சுத செம்புல்லா" என்றாள்.

அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். வீட்டுக்குள் காலை வைத்ததும் சொன்னார்: "இனிமே இந்த வீட்ல இருந்து வாசுதேவநல்லூருக்கு ஒரு கடுதாசி போகாது. அவுங்க எழுதட்டும் முதல்ல." அவர்கள் ஏன் எழுதப்போகிறார்கள்? அவர்கள் வீட்டிலும் அதே வசனத்தை யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு பானைக்கு ஒரு வருஷம். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மார்கழி. புளியங்குடிப் பக்கமிருந்து எலுமிச்சங்காய் கொண்டுவந்து விற்கிற ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருவாள். கூடையை இறக்கும்போதே அம்மாவிடம், "ஏட்டி, ஒம் மவளுக்குத் தை பொறந்தா ஏழு மாசம்லா? கூட்டிட்டு வரலியா?" என்றாள்.

அம்மா கையிலிருந்த எலுமிச்சங்காயைத் திரும்பக் கூடையில் வைத்தாள். எங்களுக்கு ஏழாவது மாதம் வரை செய்தி தெரியாது. சொன்னது எலுமிச்சங்காய்க்காரி.

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். இதைப் போல ஏதோ ஒரு மனத்தாங்கலில் தலைப்பேற்றுக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவராமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சித்தி பிழைக்கவில்லை, பிள்ளையும் இல்லை. அம்மா அதை எடுத்துப் பேசியதே கிடையாது. அன்றைக்கும் பேசவில்லை. அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், "போய்க் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"கூப்பிடாம எப்படிப் போவ? அவுங்க ஒரு வார்த்த எழுதட்டும்."

"அவுங்க எழுதுததுக்குள்ள பிள்ளை நடந்தே வந்துரும்."

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குட்டி."

"இருக்கட்டும். அத நீங்க வச்சுக்கிடுங்க. எனக்கு எம் மவ வேணும்."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது.

ஆனால் வாழ்த்து அட்டை போகத்தான் வேண்டும். வாழ்த்து போகாவிட்டால் குறை நம் பக்கம் வந்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு. கடிதம் போகாது என்றுதான் சொன்னாரே தவிர வாழ்த்து போகாது என்று சொல்லவில்லை. அந்த வருஷம் சம்பந்திக்குச் சாமிப் படம் வாங்க மட்டும் மனம் வரவில்லை. குற்றாலம் அருவி அட்டை ஒன்று வாங்கினார். அருவி துணிக்குப் போடும் நீலத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு பெண் நனையாத சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து, நாக்கில் பென்சிலைத் தொட்டுத் தொட்டு, அத்தனை அட்டையிலும் ஐந்து ஐந்து வார்த்தையாக எழுதி முடித்தார். நானும் எண்ணினேன். உறைகளில் விலாசம் எழுதி அடுக்கி வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்தார்.

அவர் குறட்டை நிலைத்ததும் அம்மா என் பள்ளிக்கூடப் பேனாவைக் கேட்டாள். அருவி அட்டையை எடுத்து, அப்பாவின் ஊதா வரிக்குக் கீழே நீல மையில் எழுதத் தொடங்கினாள். ஐந்தாவது வரை படித்தவள்; எழுத்து உருண்டை உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். எழுதியது இது:

மதினி, மகளுக்கு ஏழாம் மாசம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்ட வேண்டாம். பேறுகாலத்துக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன். பானை சிறிசுதான். வேறே பெரிசு வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் எண்ணினேன். "எம்மா, இருபத்தஞ்சு. அப்பா எழுதுனது அஞ்சு. மொத்தம் முப்பது. அபராதம் போட்டுருவாம்மா."

"யாரு?"

"தபாலாபீஸ்ல."

"பொங்கலும் அதுவுமா ஒவ்வொரு கவரையும் பிரிச்சு எண்ணிக்கிட்டா இருப்பான்? அவனுக்கு வேற சோலி இல்ல?"

"அப்பா எண்ணுவாக."

"அவரு எண்ணி முடிச்சாச்சு. நீயும் எண்ணிட்ட. கணக்குப்பிள்ளை மவன் கணக்குப்பிள்ளையாத்தான் இருப்ப. போ, போய்ப் பேனாவ வை."

"பெரிய பானைதான் இன்னும் வாங்கலியே?"

"அட்டை போய்ச் சேருததுக்குள்ள வாங்கிருவேன்."

அதை மட்டும் சொன்னபடி செய்தாள். மறுநாளே இரண்டு பழைய குடங்களைப் பாத்திரக் கடையில் போட்டு ஒரு பானையைக் கொண்டுவந்தாள். என்னை உள்ளே உட்காரவைத்து மூடலாம், அத்தனை பெரிது. பரணில் சாக்குகளுக்குப் பின்னால் அது போய் உட்கார்ந்தது. அட்டை தபால்பெட்டிக்குப் போனது. அபராதம் வரும் என்று நான் சொன்னேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த வீட்டில் எண்ணிச் சொன்னவன் பேச்சை யார் கேட்டார்கள்?

பொங்கல் வந்தது, போனது. வாசுதேவநல்லூரிலிருந்து ஆளும் வரவில்லை, அட்டையும் வரவில்லை. மறுநாள் கரிநாளுக்கு ஊரே குற்றாலம் போகும், நாங்களும் போனோம். புளியோதரையைப் பொட்டலமாகக் கட்டி, பெரியப்பா வீட்டாரையும் மேலகரத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை வண்டியில். மார்கழி மழை கொஞ்சம் மிச்சமிருந்ததால் பெரிய அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. ஆனால் அந்த நீலத்தில் இல்லை. வெள்ளையாக, சத்தமாக, எண்ணெய் சீயக்காய் வாசனையோடு விழுந்தது. பெண்கள் பக்கம் போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. அருவியில் குளித்த எல்லாருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "ஒம் மவ வந்திருந்தா நல்லாயிருக்கும்" என்றாள். சிலருக்கு எதை எப்போது சொல்வது என்று ஆயுசுக்கும் பிடிபடாது.

அந்த வாரக் கடைசியில் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். கையில் எங்கள் உறை. குறுக்கே ஒரு முத்திரை. மூலையில் நீலப் பென்சிலால், வாங்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது.

"வாசுதேவநல்லூர்ல இருந்து திரும்பி வந்திருக்கு. அபராதம் கட்ட மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம். இனி நீங்கதான் கட்டணும்."

"என்ன அபராதம்?"

"உள்ள நெறைய எழுதியிருக்குன்னு போட்டிருக்கான்."

"எழுதுனவன் நான்லா?" அப்பாவின் குரல் தெருமுனை வரை போயிருக்கும். "அஞ்சே வார்த்த. எண்ணிப் போட்டிருக்கேன். எம் மவனும் எண்ணியிருக்கான். ஏலே, எத்தன வார்த்த?"

"நீங்க எழுதுனது அஞ்சுப்பா" என்றேன். பொய் இல்லை.

"கேட்டீரா?"

"கேட்டுக்கிட்டேன் அண்ணாச்சி. பிரிச்சுப் பாத்துருங்களேன்."

"இங்கன பிரிக்க மாட்டேன். இங்கன பிரிச்சா நானே கிழிச்சுப் போட்டு வேற வச்சேன்னு சொல்லுவாங்க. அங்கன போயி, அவுங்க முன்னால பிரிச்சு, எண்ணிக் காட்டுதேன். வாழ்த்தத் திருப்பி அனுப்புத அளவுக்கு வந்தாச்சா?"

அபராதத்தைக் கொடுத்து உறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய் வெளுத்த வேட்டியையும் சட்டையையும் எடுத்துவந்து வைத்தாள். "பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. எண்ணிச் சொல்லதுக்குச் சாட்சி வேணும்லா" என்றாள்.

அந்த நிதானத்தை நினைத்து இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். எத்தனை கெஞ்சியும் போகாத மனிதர் இப்போது தாமே போகிறார். எதற்காகப் போனால் என்ன?

கடையநல்லூர், புளியங்குடி தாண்டி வாசுதேவநல்லூர் வரை பேருந்தில் போனோம். நடுநடுவே அப்பா சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

சம்பந்தியம்மாள் முன்கட்டில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்; பிறகு தன் அம்மாவைப் பார்த்துவிட்டு உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். அடுக்களைக் கதவு ஒருக்களித்திருந்தது. அக்காவின் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

"வாங்க" என்றாள் சம்பந்தியம்மாள், அத்தானைப் பார்த்து. "படி கொண்டுவாரதுக்கு வழி மறந்துபோச்சு, சண்டைக்கு வழி தெரிஞ்சிருக்கு போல."

"வழியெல்லாம் தெரியும். வாழ்த்தத் திருப்பி அனுப்புத வழக்கம்தான் எங்களுக்குத் தெரியாது."

"வாழ்த்துக்குத் துட்டு வாங்குத வழக்கம் எங்களுக்குந் தெரியாது. பானை சின்னதுன்னு சொன்னேன். அதுக்குப் பதிலா அபராதமா அனுப்புவாக?"

"அது தபாலாபீஸ் கோளாறு. நான் எழுதுனது அஞ்சு வார்த்த. ஆறாவது கெடையாது. இந்தா, பிரிக்காம கொண்டுவந்திருக்கேன். நீங்களே எண்ணுங்க."

"எனக்கு எங்க எண்ணத் தெரியும்? எண்ணுததெல்லாம் நீங்க. வாய்விட்டு எண்ணுங்க, கேப்போம்."

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். மூடியை எடுத்து, அருவி அட்டையை உருவி, விரித்தார். வலதுகைக் கட்டைவிரல் சுண்டுவிரல் கணுவுக்குப் போனது.

"தங்களுக்கும், ஒண்ணு. குடும்பத்தாருக்கும், ரெண்டு. இனிய, மூணு. பொங்கல், நாலு. வாழ்த்துகள், அஞ்சு." தலையை நிமிர்த்தி ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு, முடிந்தது என்று காட்ட அட்டையை இன்னும் அகல விரித்தார். அப்போதுதான் நீல மை கண்ணில் பட்டது. கட்டைவிரல் அடுத்த கணுவுக்குத் தானாக நகர்ந்துவிட்டது.

"மதினி... ஆறு."

சம்பந்தியம்மாளின் கையில் சுளகு நின்றது.

"இது என் எழுத்து இல்ல" என்றார் அப்பா.

"யாரு எழுத்தா இருந்தா என்ன? எண்ணுதத நிறுத்தாதீங்க. தபால்காரன் பொய் சொன்னானா, நாங்க பொய் சொன்னமான்னு தெரியணும்லா?"

அவர் கொண்டுவந்த சாட்சி. அவர் பிரித்த உறை. அவர் தொடங்கிய கணக்கு. பாதியில் விட்டால் தோற்றதாகும். என் அப்பாவால் சாப்பாட்டைப் பாதியில் விட முடியும், சம்பந்தத்தைப் பாதியில் விட முடியும். கணக்கைப் பாதியில் விட முடியாது. எண்ணினார். ஏழு, எட்டு என்று ஒவ்வொரு வார்த்தையாக அம்மா எழுதியதெல்லாம் அப்பாவின் குரலில் வந்தது. கோபத்தை அவள் மேல் காட்ட வேண்டாம் என்ற இடத்தில் குரல் தாழ்ந்தது. நானே வந்து கூட்டிப் போகிறேன் என்ற இடத்தில் இருமினார். அடுத்த வார்த்தையில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பானை, இருபத்தஞ்சு." கட்டைவிரலை நகர்த்தினார். "சிறிசுதான். இருபத்தாறு."

மிச்சம் நாலு வார்த்தையை வேகமாகச் சொல்லி முடித்தார். எத்தனையில் முடித்தார் என்று அவருக்கே கேட்டிருக்காது. கட்டைவிரல் எந்தக் கணுவில் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

அடுக்களைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் நாங்கள் கேட்ட குரல்.

"முப்பதுப்பா."

சம்பந்தியம்மாள் சுளகைக் கீழே வைத்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இத வாயால வந்து சொல்லியிருந்தா அபராதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன மனுசரு நீங்க!" பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே, தூணையே பிடிச்சுக்கிட்டு நிக்க. மாமாவுக்குத் தண்ணி கொண்டா." தண்ணீர் வந்தது. அப்பா குடித்தார்.

"அந்தப் பெரிய பானை எங்க அண்ணாச்சி?"

அப்பாவுக்கு அப்படி ஒரு பானை இருப்பதே தெரியாது. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "வீட்ல இருக்கு" என்றார். கண்ணால் பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"வார வெள்ளிக்கிழமை கொண்டாங்க. அப்படியே மருமகளக் கூட்டிட்டுப் போங்க. மதினியையும் வரச் சொல்லுங்க. நானே வருவேன்னு எழுதியிருக்காள்லா?"

வீட்டுக்கு வந்ததும் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏட்டி, கடுதாசி போகாதுன்னு சொன்னேன்லா?"

"கடுதாசியா எழுதுனேன்? வாழ்த்து அட்டையிலதான எழுதுனேன்."

"தபாலாபீஸ்ல கடுதாசின்னு முத்திரை குத்தி வச்சிருக்கான்."

"அது அவங்க கோளாறுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பரணைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பானையை அப்பாதான் மடியில் வைத்துக்கொண்டு போனார். பேருந்தில் அவர் தலை பானைக்கு மேலே கொஞ்சம்தான் தெரிந்தது. நடத்துனர், "அண்ணாச்சி, பானைக்குள்ள எறங்கி உக்காந்துக்கிடுங்க, ஒரு சீட்டு மிச்சமாகும்" என்றார். பேருந்தே சிரித்தது. அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும்போது சன்னலோரத்தில் அக்கா இருந்தாள். சித்திரையில் இந்த மருமகன் பிறந்தான். கொஞ்சம் குறைந்த எடையில், நிறையச் சத்தத்தோடு.

அப்பா பிற்காலத்தில் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார். சாட்சியைப் பிரிக்காமல் கொண்டுபோனதால்தான் காரியம் முடிந்ததாம். ஆத்திரத்தில் வாசலிலேயே பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார். அம்மா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத்தான் எரியும். அந்த அட்டையை அப்பா தகரப் பெட்டியில் வெகுகாலம் வைத்திருந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது யாரோ பழைய காகிதத்தோடு போட்டுவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் வீட்டுக்குள் சண்டை வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அடுத்த வருஷம் முதல், வாசுதேவநல்லூர் அட்டைக்கு மட்டும் அப்பா கடிதத்துக்கு உரிய முழுத் தபால்தலையை ஒட்டினார். எழுதியதென்னவோ அதே ஐந்து வார்த்தைதான். ஆனால் அதை மேலே ஓரமாக நெருக்கி எழுதிவிட்டு, மீதி வெற்றிடத்தோடு அட்டையை அம்மா பக்கம் தள்ளிவைப்பார். "எழுது" என்று வாயால் சொல்ல மாட்டார். தள்ளிவைத்துவிட்டுப் பாயில் போய்ச் சாய்ந்துகொள்வார். குறட்டை வராது.

ஒரு மனிதர் ஒரு வார்த்தை சொல்வதற்கு இத்தனை சிக்கனமா? அதைத்தான் நான் கேட்கிறேன்.

இந்தப் பொங்கல் அன்று சாயங்காலம் வாசுதேவநல்லூருக்குப் போன் போட்டு, அக்காவிடம் புகார் சொன்னேன். "ஒம் மவன் அனுப்புனதுல ஒரு எழுத்து சொந்தமா இல்ல."

"நீ அவனுக்கு என்ன எழுதுன?"

சொன்னேன். அக்கா சிரித்தாள். எண்பது வயதை நெருங்குகிறவள் அப்படிச் சிரிக்கக் கூடாது, மூச்சு வாங்கும்.

"தங்களுக்கும் குடும்பத்தாருக்குமா? ஏலே, அஞ்சு! செல்போன்ல எவம்லே அபராதம் கேக்கான்?"

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நூற்றுப் பதினேழு பேருக்கும் நான் அனுப்பியிருந்த பதிலைப் பார்த்தேன். அத்தனையும் ஒரே வரி. மருமகனுக்குப் போனதை எடுத்து, அதன் கீழே ஒற்றை விரலால் தட்டினேன். மருமகனே, என்று தொடங்கினேன். ஒரு கண் சரியாகிவிட்டது, அடுத்த கண் பாக்கி என்று எழுதினேன். உன் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உன்னிடம் சொல்ல மாட்டாள் என்று எழுதினேன். பொங்குகிற பானை எனக்கு வேண்டாம், நீ வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று எழுதினேன். எண்ணிப் பார்க்காமல் அனுப்பினேன்.

அடுப்பில் வைத்த பால் காய்வதற்குள் போன் அடித்தது. மருமகன்தான். பதறிப்போயிருந்தான்.

"மாமா, ஒங்க போன யாரும் எடுத்துட்டானுவளா? என்னமோ நீளமா மெசேஜ் வந்திருக்கு. நீங்க இப்படியெல்லாம் எழுத மாட்டீங்களே!"

"நான்தாம்லே எழுதுனேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

காலண்டர் தாளை அவன் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வாரேன் மாமா. அம்மாகிட்ட சொல்லிராதீங்க, அவ சமைச்சே ஓஞ்சுருவா. என்ன கொண்டாரட்டும்?"

"பானை மட்டும் கொண்டுவராத. இருக்குதது போதும்" என்றேன்.

"என்ன பானை?" என்றான்.